கறிவேப்பிலையில் புழுவா? மருந்தைக் கீழே வைங்க... மொபைலை எடுங்க!

மொட்டை மாடித் தொட்டியில் ஆசை ஆசையாக வளர்த்த கறிவேப்பிலைச் செடி. ஒருநாள் காலையில் பார்த்தால் கொழுந்தெல்லாம் காணோம். உற்றுப் பார்த்தால், ஏதோ பறவை எச்சம் மாதிரி ஒன்று இலை மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொட்டால் நெளிகிறது. ‘அய்யோ... புழு!’ என்று அலறி, வேப்ப எண்ணெய் ஸ்ப்ரேயைத் தேடி ஓடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் கதை.

ஆனால், அந்தப் புழுவை விட்டுவைத்தால் அடுத்த சில வாரங்களில் அது என்ன ஆகும் தெரியுமா? கறுப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை போட்ட ‘கறிவேப்பிலை அழகி’ ஆகலாம். அல்லது, மஞ்சளும் கறுப்பும் கலந்த ‘எலுமிச்சை அழகி’ ஆகலாம். பட்டாம்பூச்சியை ரீல்ஸில் பார்த்தால் ஹார்ட் போடுகிறோம். அதே பட்டாம்பூச்சி குழந்தையாக நம் வீட்டுக்கு வந்தால் மருந்தடித்துக் கொல்கிறோம். இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்வதுதான் காட்டுயிர்ப் பாதுகாப்பின் முதல் பாடம்.

காட்டுயிர் என்றால் முதுமலை யானையும் சத்தியமங்கலம் புலியும் மட்டுமல்ல. உங்கள் பால்கனிக்கு வரும் பட்டாம்பூச்சியும் காட்டுயிர்தான். அதைக் காப்பாற்ற ஜீப் சஃபாரி போக வேண்டாம், லட்ச ரூபாய் கேமராவும் வேண்டாம். நான்கு தொட்டி, கையில் இருக்கும் மொபைல், கொஞ்சம் பொறுமை... இவ்வளவு போதும்.

கேமராவும் செடியும் ஒரே கட்சி!

போட்டோகிராபிக்கும் செடி வளர்ப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்த்த ஒருவர் நம்ம ஊரிலேயே இருந்திருக்கிறார். மா.கிருஷ்ணன் (1912-1996). நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய இயற்கையியலாளர். வெவ்வேறு பாகங்களை ஒட்டிச் சேர்த்த கேமராவை வைத்துக்கொண்டு, யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். அந்த கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று செல்லப்பெயர் வேறு! 1970-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

விலங்குகளைப் படமெடுத்ததோடு அவர் நிற்கவில்லை. நம் மண்ணுக்குச் சம்பந்தமில்லாத வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவதைத் தொடர்ந்து எதிர்த்தார். விலங்கு வேண்டுமென்றால் அது தின்று வளரும் செடியும் வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. இன்று உயிரியல் சொல்வதும் அதுதான்.

எந்த இலைக்கு எந்தப் புழு?

பட்டாம்பூச்சி பூவுக்குப் பூ தாவித் தேன் குடிக்கும். அது எந்தப் பூ என்பதில் பெரிதாக அலட்டிக்கொள்ளாது. ஆனால், முட்டை வைக்கும்போது மட்டும் பயங்கர கறார். ஒவ்வொரு வகையும் தனக்கென்று உள்ள சில செடிகளில் மட்டும்தான் முட்டையிடும். அதன் புழு அந்த இலையை மட்டும்தான் தின்னும். இதைத்தான் ‘உணவுத் தாவரம்’ என்கிறார்கள். தாய்ப் பட்டாம்பூச்சி இலை மேல் உட்கார்ந்து, முன்னங்காலால் தட்டி, சுவை பார்த்து, ‘இதுதான்’ என்று உறுதி செய்துகொண்டே முட்டை வைக்கும்.

அதனால், பூச்செடி மட்டும் வைத்தால் உங்கள் தோட்டம் ஒரு டீக்கடை. வருவார்கள், குடிப்பார்கள், போய்விடுவார்கள். உணவுத் தாவரம் வைத்தால்தான் அது வீடு.

நம் மாநிலப் பட்டாம்பூச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் ‘தமிழ் மறவன்’ தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. ஆரஞ்சு நிறச் சிறகில் கறுப்புக் கோடுகள் ஓடும் கம்பீரமான பூச்சி. மலைக்காடுகளில் வாழும் அதன் புழுவுக்கு நீரடிமுத்து வகை மரங்களின் இலைதான் சாப்பாடு. அந்த மரம் இல்லையென்றால் மறவனும் இல்லை.

ஏன் நாட்டுச் செடி?

‘எந்தச் செடியா இருந்தா என்ன... பச்சையா இருந்தா சரிதானே?’ என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் பதில் இருக்கிறது. அங்கே ‘ரிச்மண்ட் பேர்டுவிங்’ என்றொரு பெரிய பட்டாம்பூச்சி. அதன் உணவுத் தாவரத்துக்குத் தூரத்துச் சொந்தமான ‘டச்மேன்ஸ் பைப்’ என்ற தென் அமெரிக்க அலங்காரக் கொடியை மக்கள் தோட்டங்களில் வளர்த்தார்கள். வாசனையில் ஏமாந்த தாய்ப் பட்டாம்பூச்சிகள் அதில் போய் முட்டையிட்டன. இலையைத் தின்ற புழுக்கள் செத்துப்போயின. அந்தப் பட்டாம்பூச்சி பல இடங்களிலிருந்து காணாமல்போனதற்கு, காடு அழிந்ததோடு இந்தக் கொடியும் ஒரு காரணம். அழகுக்காக வைத்த கொடி, பொறியாக மாறிய கதை இது.

நம்ம ஊரிலும் வேறு விதத்தில் இதே பிரச்னை. அலங்காரச் செடியாக வந்த உண்ணிச்செடி இன்று மலைக்காடுகளின் தரையை மூடிக் கிடக்கிறது. அதன் பூவில் பட்டாம்பூச்சி மொய்க்கும்தான். ஆனால், அது படர்ந்த இடத்தில் மானுக்குப் புல் முளைக்காது. மஞ்சள் பூவோடு அழகாகத் தெரியும் ‘சென்னா ஸ்பெக்டாபிலிஸ்’ மரமும் அப்படித்தான். நீலகிரி, சத்தியமங்கலம் காடுகளில் பரவிய இதை வனத்துறை வெட்டி அகற்றிவருகிறது. அதனால் ‘பட்டாம்பூச்சி வரும்’ என்று நர்சரியில் சொன்னாலும், உண்ணிச்செடிக்கு ‘நோ’ சொல்லிவிடுங்கள்.

மாடியில் வைக்க 7 செடிகள்

1. கறிவேப்பிலை, எலுமிச்சை: கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி இரண்டுக்குமே இவை பிடிக்கும். புழு சின்ன வயதில் பறவை எச்சம்போல இருக்கும். வளர்ந்ததும் இலைப்பச்சைக்கு மாறிவிடும். தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைபோல ஒரு கொம்பை நீட்டி, நாற்றம் அடிக்கும். பயப்பட வேண்டாம், கடிக்காது. முட்டையிலிருந்து சிறகு விரிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

2. எருக்கு: ‘வெந்தய வரியன்’ பட்டாம்பூச்சிக்கு இதுதான் தாய்வீடு. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு, எருக்கம்பாலில் உள்ள நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். அதனால் பறவைகள் இதைத் தின்னத் தயங்கும். ஒரு எச்சரிக்கை: எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

3. ஆவாரை: மஞ்சளும் வெள்ளையும் கலந்து வேகமாகப் பறக்கும் ‘எமிக்ரன்ட்’ வகைப் பட்டாம்பூச்சிகள் ஆவாரை, சரக்கொன்றை குடும்பத்தில் முட்டையிடும். வெயில் தாங்கும், தண்ணீர் குறைவாகப் போதும். சோம்பேறித் தோட்டக்காரர்களுக்கு ஏற்ற செடி. இடம் இருந்தால் தரையில் ஒரு சரக்கொன்றை வைக்கலாம்.

4. ஆடுதீண்டாப்பாளை: கறுப்புச் சிறகு, சிவப்பு உடல் கொண்ட ‘சிவப்புடல் அழகி’க்கு இது வேண்டும். ஆடுகூடத் தீண்டாத அளவுக்குக் கசப்பு, பெயரே சொல்லும். இதன் சொந்தக்காரக் கொடியான ஈச்சுரமூலியும் இந்த வகை அழகிகளுக்குப் பிடித்தமானது.

5. அரளி: ‘காமன் க்ரோ’ எனும் பழுப்புநிறப் பட்டாம்பூச்சி இதில் முட்டையிடும். அதன் கூட்டுப்புழுவை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். வெள்ளியில் வார்த்த ஜிமிக்கி தொங்குவதுபோலப் பளபளக்கும்! அரளி முழுக்கவே விஷம் என்பதால், குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் இருக்கும் வீடுகளில் தவிர்த்துவிடலாம்.

6. கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு: இவை வரியன்களுக்கு மருந்துக்கடை மாதிரி. ஆண் பட்டாம்பூச்சிகள் காய்ந்த தண்டிலும் இலையிலும் மொய்த்து, அதிலுள்ள ரசாயனத்தை உறிஞ்சும். பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரிக்க அது தேவை. செடி காய்ந்துவிட்டதே என்று உடனே பிடுங்கிப் போடாதீர்கள்.

7. தும்பை, இட்லிப்பூ: இவை தேனுக்காக. தும்பைப் பூவில் சின்னப் பட்டாம்பூச்சிகளும் தேனீக்களும், இட்லிப்பூவில் அழகிகளும் வருவதைத் தினமும் பார்க்கலாம்.

இவற்றில் பாதிச் செடிகள் நர்சரியில் கிடைக்காது. ஏனென்றால் ஊர் இவற்றைக் ‘களை’ என்கிறது! காலி மனை ஓரத்தில் விதை முற்றியிருக்கும்போது கொஞ்சம் எடுத்து வந்து தூவினாலே முளைத்துவிடும். செடியோடு பிடுங்க வேண்டாம். அங்கேயும் யாராவது முட்டை வைத்திருக்கலாம்.

செய்ய வேண்டியவை... கூடாதவை!

* வெயில் முக்கியம். தினமும் நான்கைந்து மணி நேரம் நேரடி வெயில் விழும் இடத்தில் தொட்டிகளை வையுங்கள். பட்டாம்பூச்சி குளிர் ரத்தப் பிராணி. உடல் சூடானால்தான் பறக்கவே முடியும்.

* கறிவேப்பிலை இரண்டு தொட்டி வையுங்கள். ஒன்று சமையலுக்கு, ஒன்று புழுவுக்கு. சமையல் செடி மேல் கொசுவலைத் துணியைப் போர்த்திவிட்டால் அம்மாவுக்கும் கோபம் வராது, பட்டாம்பூச்சிக்கும் பசிக்காது.

* ரசாயன மருந்து கூடவே கூடாது. ‘வேப்ப எண்ணெய் இயற்கைதானே?’ என்றால், இயற்கைதான். ஆனால், அது புழுவின் வளர்ச்சியைத் தடுக்கும். உணவுத் தாவரத்தில் அதுவும் வேண்டாம்.

* நர்சரியில் வாங்கிய செடியில் மருந்து மிச்சம் இருக்கலாம். புதுக்கொழுந்து நன்றாக விடும் வரை சில வாரங்கள் தனியாக வைத்திருங்கள்.

* ஒரு தட்டில் மணல் போட்டு ஈரமாக வையுங்கள். ஆண் பட்டாம்பூச்சிகள் ஈர மண்ணிலிருந்து உப்புச் சத்தை உறிஞ்ச வரும்.

* புழுவைக் குளவி தூக்கிப்போகும். சின்னான் குருவி கொத்திப்போகும். மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால், அவர்களும் வாடகை தராத குடித்தனக்காரர்கள்தான். வைத்த முட்டையெல்லாம் பட்டாம்பூச்சி ஆவதில்லை. அதற்காகத்தான் தாய் அத்தனை முட்டை வைக்கிறது. டப்பாவில் அடைத்து ‘காப்பாற்ற’ வேண்டாம். செடியைக் காப்பாற்றுங்கள், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

மொபைலில் மாஸ் போட்டோ எடுப்பது எப்படி?

நேரம்: வெயில் ஏறத் தொடங்கும் காலை வேளை பெஸ்ட். உடம்பைச் சூடாக்க, சிறகை விரித்து அசையாமல் உட்கார்ந்திருக்கும். மதிய வெயிலில் துரத்தினால் மூச்சுதான் வாங்கும்.

நிழல்: உங்கள் நிழல் அதன் மேல் விழுந்த அடுத்த நொடி பறந்துவிடும். சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு அடி எடுத்து வையுங்கள்.

உயரம்: நின்றபடி மேலிருந்து எடுக்காமல், பூச்சியின் மட்டத்துக்குக் குனிந்து, மெதுவாக நெருங்குங்கள். படத்தில் உயிர் வருவது அங்கேதான்.

லென்ஸ்: முதலில் துடையுங்கள், பாதிப் பிரச்னை தீரும். மூக்கில் இடிக்கும் அளவுக்கு மேக்ரோ வைப்பதைவிட, 2 மடங்கு ஜூமில் சற்றுத் தள்ளி நின்று எடுப்பது நல்லது. திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸை லாக் செய்யுங்கள். போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம். உணர்கொம்பையும் சிறகின் ஓரத்தையும் சேர்த்து மங்கலாக்கிவிடும்.

கோணம்: சிறகின் மேல்புறம், அடிப்புறம் இரண்டையும் எடுங்கள். பல வகைகளை அடிப்புறத்தை வைத்துத்தான் பிரித்தறிய முடியும். அது உட்கார்ந்திருக்கும் செடியையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

இந்த டிப்ஸெல்லாம் ஏன் என்பதற்கு ஒரு சுவாரஸ்யமான உதாரணம். சிவப்புடல் அழகி, நஞ்சுள்ள இலையைத் தின்று வளர்வதால் பறவைகள் அதை ஒதுக்கும். இதைப் பயன்படுத்திக்கொண்டு, கறிவேப்பிலை அழகியின் பெண் பட்டாம்பூச்சிகளில் சில அச்சு அசல் அதே சிறகு டிசைனில் பிறக்கின்றன. நஞ்சே இல்லாமல் நஞ்சுள்ளதுபோல வேஷம்! இரண்டையும் எப்படிக் கண்டுபிடிப்பது? உடம்பைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் ஒரிஜினல். கறுப்பாக இருந்தால் வேஷக்காரி. ஒரு தெளிவான பக்கவாட்டுப் படம் இருந்தால் போதும், துப்பறிந்துவிடலாம்.

லைக்ஸுக்கு மட்டுமல்ல... தரவுக்கும்!

எடுத்த படம் கேலரியில் தூங்கினால் யாருக்கும் பயனில்லை. ‘ஐநேச்சுரலிஸ்ட்’ செயலியிலோ, ‘இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல்’ தளத்திலோ தேதியும் இடமும் சேர்த்துப் பதிவேற்றுங்கள். பெயர் தெரியவில்லையா, பரவாயில்லை. தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். எந்த வகை எந்த மாதத்தில் எங்கே இருந்தது என்பதற்கு உங்கள் படம் ஒரு சாட்சி. நாளை அந்த ஏரிக்கரையையோ காலி மனையையோ வழிக்கும்போது, ‘இங்கே ஒன்றுமே இல்லை, வெறும் புதர்தான்’ என்று யாரும் சொல்ல முடியாமல் செய்வது இத்தகைய பதிவுகள்தான்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, நீல வரியன் கூட்டங்கள் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கமிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கி இடம்பெயர்கின்றன. இந்தப் பயணத்தைத் தமிழ்நாட்டில் கவனித்துப் பதிவு செய்துவருபவர்களில் பெரும்பாலானோர் ஆர்வலர்கள்தான். செப்டம்பர் மாதத்தில் நாடு முழுக்க நடக்கும் ‘பிக் பட்டர்ஃபிளை மன்த்’ கணக்கெடுப்பில் நீங்களும் சேரலாம். பறவைப் பிரியர் என்றால், 2015-லிருந்து நடக்கும் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ இருக்கிறது. லீவு நாளில் 15 நிமிடம் மொட்டை மாடியில் நின்று எண்ணி, ‘ஈபேர்டு’ செயலியில் போட்டால் போதும்.

வீட்டில் எடுத்த படம் என்றால் ஒரு விஷயம் கவனம். துல்லியமான லொகேஷன் பதிவானால், உங்கள் வீட்டு முகவரியும் ஊருக்கே தெரியும். ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மறைத்துக் காட்டும் வசதி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால், பல கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ என்று மட்டும்தான் மற்றவர்களுக்குத் தெரியும். ஆய்வுக்கு அந்தப் பதிவு பயன்படும், உங்கள் கதவைத் தட்டவும் ஆள் வராது.

ஒரு படத்துக்காக ஒரு உயிரா?

போட்டோகிராபி காட்டுயிரைக் காப்பாற்றும். அதே போட்டோகிராபி கொல்லவும் செய்யும். அசையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பட்டாம்பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். சிறகைப் பிடித்துப் பூவில் ‘செட்’ செய்பவர்கள் இருக்கிறார்கள். சிறகில் ஒட்டியிருக்கும் செதில்தான் அதன் வண்ணம். அது உதிர்ந்தால் மறுபடி முளைக்காது.

பறவை என்றால் இன்னும் கவனம் வேண்டும். கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்துவிட்டுக் குஞ்சுகளைப் படமெடுத்தால், படம் பளிச்சென்று வரும். மறைப்பு போன கூடு வெயிலுக்கும் காகத்துக்கும் பளிச்சென்று தெரியும். நீங்கள் அங்கேயே நின்றால், தாய்ப் பறவை இரையோடு வந்து திரும்பிப் போகும். பறவையின் குரலை மொபைலில் ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் இப்படித்தான். ‘எதிரி வந்துட்டான்’ என்று நினைத்து, குஞ்சைக் கவனிப்பதை விட்டுவிட்டு உங்கள் போனோடு சண்டைக்கு வரும். இரவில் ஆந்தை, தேவாங்கு முகத்தில் ஃப்ளாஷ் அடிப்பதும் வேண்டாம்.

இன்ஸ்டாவில் லொகேஷன் போடுவதும் அப்படியே. ஆந்தைக் கூடு, தேவாங்கு, நட்சத்திர ஆமை... இவற்றையெல்லாம் பிடித்து விற்கவே ஆட்கள் இருக்கிறார்கள். மாவட்டத்தின் பெயர் போதும், மரத்தின் பெயர் வேண்டாம். ‘ப்ரோ, எங்க எடுத்தீங்க?’ என்று டி.எம்-மில் கேட்டாலும், சிரிக்கும் ஸ்மைலி ஒன்றே பதில்.

எங்கே நின்றாலும் ஒரே ஒரு விதி: உங்களைப் பார்த்து அது தன் வேலையை நிறுத்தினால், நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். இரண்டடி பின்னால் வாருங்கள்.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

திருச்சி ஸ்ரீரங்கம் அருகே மேலூரில் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015-ல் திறக்கப்பட்டது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, பட்டாம்பூச்சிகளுக்கான செடிகளைத் திட்டமிட்டு வளர்த்திருக்கிறார்கள். எந்தச் செடிக்கு எது வருகிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் 330-க்கும் மேற்பட்ட வகைப் பட்டாம்பூச்சிகள் இருக்கின்றன. ஆனால், அவ்வளவு தூரம் போகுமுன் உங்கள் தெருமுனைக் காலி மனையில் ஒரு அரை மணி நேரம் நின்று பாருங்கள். எருக்கு இருந்தால் வரியன் இருக்கும். ஆமணக்கு இருந்தால் ‘காமன் காஸ்டர்’ இருக்கும். நெட்டிலிங்கம் இருந்தால் பச்சைப் புள்ளி போட்ட ‘டெயில்டு ஜே’ சர்ரென்று கடந்து போகும்.

சின்னதாகத் தொடங்குங்கள்

இந்த வாரம் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் ஒரு ஆவாரை விதையும் போதும். தினமும் காலை பல் தேய்க்கும்போது இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். கடுகைவிடச் சின்னதாக, வெளிர் மஞ்சளில் ஒரு முட்டை தெரிந்தால் ஒரு கிளிக். மூன்று நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே கோணத்தில் இன்னொரு கிளிக். முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்று ஒரு மாதத்தில் உங்களிடம் ஒரு முழு வாழ்க்கை வரலாறே இருக்கும்.

அதை ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். அடுத்த முறை சித்தி வீட்டுக் கறிவேப்பிலையில் புழு வந்தால், மருந்தடிக்கும் முன் ‘இது என்ன பட்டாம்பூச்சிடா?’ என்று உங்களுக்கு ஒரு போட்டோ வரும். அங்கே ஒரு உயிர் பிழைத்துவிட்டது என்று அர்த்தம்!